முதலில் வாசல், பிறகு காடு: வாசகர் கேள்வி – பதில்

சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையை அழைத்துக்கொண்டு குடும்பமாக வெளியிடங்களில் கூடாரம் அடித்துத் தங்குவது பற்றிப் போன இதழில் நான் எழுதிய சிறு குறிப்புக்கு எதிர்பாராத அளவில் கடிதங்கள் வந்திருக்கின்றன. என் மகள் 7 வயதில் முதல்முறையாகக் கூடாரத்தில் தூங்கினாள். இப்போது அவளுக்கு 15 வயது. இந்த 8 ஆண்டுகளில் பட்டுத் தெரிந்துகொண்டதையும், அவளுடைய இயன்முறை மருத்துவர் எங்களைத் திருத்திச் சொன்னதையும் வைத்தே இந்தப் பதில்களை எழுதுகிறேன். கேட்டவர்களின் விருப்பப்படி பெயர்களை விட்டுவிட்டேன்.

கேள்வி: மூளை முடக்குவாதத்தால் நடக்க முடியாத 9 வயது மகனுக்குத் தாய் நான். அவனுடையது கையால் தள்ளும் நாற்காலி. வகுப்பு நண்பன் கூடாரத்தில் தங்கிய கதையைக் கேட்டதிலிருந்து, "நாம எப்பம்மா போவோம்?" என்று தினமும் கேட்கிறான். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வீட்டிலிருந்தே தொடங்குங்கள். தோட்டத்தில், வாசலில், இடமே இல்லையென்றால் கூடத்தில் கூடாரத்தை அடித்து, ஒரு முழு இரவை அதற்குள் கழித்துப் பாருங்கள். பகலில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது ஒத்திகை ஆகாது. நள்ளிரவில் பிள்ளைக்குச் சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும்போது, தூக்கக் கலக்கத்தில், ஒரே ஒரு டார்ச் வெளிச்சத்தில், அவனை எப்படி எழுப்பி நாற்காலிக்கு மாற்றுவீர்கள் என்பதுதான் தெரியவேண்டிய விஷயம்.

எங்கள் ஒத்திகையில் இரண்டு பாடங்கள் கிடைத்தன. கூடாரத்தின் தரைத்துணி வாசலில் நான்கு விரற்கடை உயரத்துக்கு மடிந்து நிற்கும். நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் அதில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டன. நாற்காலியைத் திருப்பி, பெரிய பின்சக்கரங்களை முதலில் ஏற்றி, பின்பக்கமாக இழுத்தால் சுலபமாக உள்ளே வருகிறது என்பதை அன்றுதான் கண்டுகொண்டோம். இரண்டாவதை மகள்தான் கற்றுக்கொடுத்தாள். இடம் அடைக்கிறது என்று நாற்காலியை வெளியே நிறுத்தியிருந்தோம்; விளக்கை அணைத்ததும் அவள் அழத் தொடங்கினாள். இருட்டுக்குப் பயம் என்று நினைத்தோம். "என் நாற்காலி எங்கே?" என்றாள். நம் கால்களைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத் தூங்கச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? அன்று முதல் அவள் கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் நாற்காலி இரவைக் கழிக்கிறது. பனியில் இருக்கை நனையாமல் இருப்பது கூடுதல் லாபம்.

படுக்கையின் உயரத்தைப் பற்றி முன்கூட்டியே யோசியுங்கள். தரையில் விரித்த மெத்தைக்குப் பிள்ளையை இறக்குவது எளிது. காலையில் அங்கிருந்து தூக்குவதுதான் பெற்றோரின் இடுப்பை ஒடிக்கும். நாற்காலியின் இருக்கை எந்த உயரத்தில் இருக்கிறதோ ஏறத்தாழ அதே உயரத்தில் ஒரு மடக்குக் கட்டில் கிடைத்தால், தூக்காமல் பக்கவாட்டில் நகர்த்தியே மாற்றிவிடலாம். மண்ணில் கட்டில் கால்கள் புதையாமல் இருக்க அடியில் பலகைத் துண்டுகளை வையுங்கள். இரவில் உடல் விறைத்துத் துள்ளும் பிள்ளையாக இருந்தால் உயரமான கட்டில் வேண்டாம். தரை மெத்தையே பாதுகாப்பானது, தூக்குவதற்கு இரண்டு பெரியவர்கள் இருந்தாக வேண்டும்.

இடத்தைப் பதிவு செய்யும்போது, "சக்கர நாற்காலிக்கு வசதி இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் "இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் கண்ணுக்குப் படி தெரிவதில்லை, அவ்வளவுதான். ஒரு முகாமில் இப்படித்தான் தொலைபேசியில் உறுதி கொடுத்தார்கள். போய்ச் சேர்ந்தபோது கழிப்பறை வாசலில் 15 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு படி இருந்தது. "ஒரே ஒரு படிதானே" என்றார் பொறுப்பாளர். சாய்தளங்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 1-க்கு 12. அதாவது அந்த ஒரே ஒரு படியைக் கடக்க 180 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சாய்தளம் வேண்டும். அந்த இரண்டு நாளும் அவளை நாற்காலியோடு சேர்த்து எத்தனை முறை தூக்கினோம் என்று எண்ணவில்லை. அதன் பிறகு அளவுகளைத்தான் கேட்கிறேன். கழிப்பறைக் கதவின் அகலம் எத்தனை சென்டிமீட்டர்? உள்ளே நாற்காலி முழுவதுமாகத் திரும்ப வேண்டுமென்றால் ஏறக்குறைய 150 சென்டிமீட்டர் வெற்றிடம் தேவை, அது இருக்கிறதா? வண்டி நிற்கும் இடத்திலிருந்து கூடாரம் எவ்வளவு தூரம், வழியில் கிடப்பது கெட்டிப்பட்ட மண்ணா, உதிரிச் சரளையா? வாசலில் அளவு நாடாவை வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்காமல் அனுப்புகிற இடத்தில் பாதிக் கவலை தீர்ந்தது. உங்கள் பக்கத்து அளவு, நாற்காலியின் மிக அகலமான பகுதி. பெரும்பாலும் அது கையால் சுழற்றும் வளையங்களின் வெளிவிளிம்பாக இருக்கும். மகன் தானே சுழற்றுபவன் என்றால் அவனுடைய விரல்களுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

போய் இறங்கியதும் தரையில் ஒரு பந்தை வைத்துப் பாருங்கள். அது உருளும் பக்கம்தான் நாற்காலியும் ஓயாமல் இழுக்கும். பக்கச்சரிவான தரையில் ஒரு கையே எல்லா வேலையையும் செய்து சோர்ந்துபோகும். கூடாரத்தை இழுத்துக் கட்டும் கயிறுகளில் பளிச்சென்ற துணித் துண்டுகளைக் கட்டிவிடுங்கள். முதல் பயணம் ஓர் இரவுக்கு மேல் வேண்டாம்; திரும்பி வரவேண்டும் என்று தோன்றினால் நள்ளிரவிலும் வீட்டுக்கு வந்துவிடக்கூடிய தொலைவில் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் 11 வயது மகள் ஸ்பைனா பிஃபிடா எனப்படும் முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்தவள். இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. சிறுநீரைக் கதீட்டர் எனப்படும் மெல்லிய குழாய் வைத்து எடுக்கிறோம். வெளியே தங்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: உங்கள் மருத்துவரிடம் பயணத் திட்டத்தைச் சொல்லி, அவர் தரும் குறிப்புகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு இதைப் படியுங்கள்.

உணர்வில்லாத தோலுக்கு வெளியிடங்களில் எதிரிகள் பலர்; அவர்களில் யாரும் எதிரி போலத் தெரிவதில்லை. வெயிலில் நிறுத்திய நாற்காலியின் கறுப்பு இருக்கையும் உலோகக் குழாய்களும் வெறும் தொடையைச் சுட்டுவிடும், அவளுக்குத் தெரியாது. குளிர்காய மூட்டிய நெருப்பின் முன்னால் நாம் சூடு பொறுக்காமல் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வோம். அவள் கால் அங்கேயே இருக்கும். ஆகவே நெருப்பிலிருந்து அவள் அமர வேண்டிய தூரத்தை உங்கள் கையை வைத்துப் பார்த்து முடிவு செய்து, அந்த இடத்தில் தரையில் ஒரு கோடு கிழித்துவிடுங்கள். ஷூவுக்குள் புகுந்த சிறு கல் ஒன்று மாலைக்குள் புண்ணாகிவிடும் என்பதால், ஒவ்வொரு முறை அணியும்போதும் ஷூவைக் கவிழ்த்துத் தட்டுங்கள். படுக்கும் முன் கால் விரல் இடுக்கு, குதிகால், இடுப்பெலும்பு, பிட்டம் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பார்ப்பது பல் துலக்குவது போல ஆகிவிட வேண்டும். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் பழைய நிறத்துக்கு வரவில்லையென்றால் அந்தப் பகுதியில் மறுபடி எடை விழக் கூடாது. பயணத்தைப் பாதியில் முடித்துக்கொள்ள அது போதுமான காரணம். மாநிறமும் கருமையுமான தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

உட்கார்ந்த நிலையில் 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை எடையை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். வீட்டில் பழக்கமாகச் செய்துவிடும் பிள்ளைகூட, வேடிக்கை பார்க்கும் சுவாரசியத்தில் மறந்துவிடுவாள். நீங்கள் ஒவ்வொரு முறையும் நினைவூட்டினால் எரிச்சல் வரும். கைக்கடிகாரத்தில் அதிர்வு வைத்துக் கொடுத்துவிடுங்கள். அவள் அமர்வது காற்றறைகள் கொண்ட குஷன் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். மலை ஏற ஏறச் சுற்றுப்புறக் காற்றழுத்தம் குறைவதால் குஷனுக்குள் இருக்கும் காற்று விரிந்து, இருக்கை கல்லாக இறுகும். இறங்கி வரும்போது தளர்ந்து, எலும்பு அடித்தளத்தைத் தொட்டுவிடும். மேலே சேர்ந்ததும் ஒருமுறை, கீழே வந்ததும் ஒருமுறை காற்றைச் சரிபார்க்க வேண்டும். ஜெல் குஷன் கடுங்குளிரில் விறைத்துக்கொள்ளும். இரவில் கூடாரத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

கதீட்டர் நேரங்களை மாற்றாதீர்கள். கழிப்பறை தொலைவில் இருக்கிறதே என்று தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பது பலர் செய்யும் தவறு. சிறுநீர்த் தொற்றுக்கு அதுவே வாசலைத் திறந்துவிடுகிறது. நின்றபடி உடை மாற்றுவதற்காக விற்கும் உயரமான சிறு கூடாரம் ஒன்றை வாங்கி, அதற்குள் நாற்காலியை நிறுத்தினால் அவளுக்கென்று ஒரு தனியறை கிடைத்துவிடும். கை கழுவும் தண்ணீரையும் சோப்பையும் அங்கேயே வையுங்கள். கதீட்டரைத் தேவைக்கு இரண்டு மடங்கு எடுத்துச் செல்லுங்கள். அதில் பாதி உங்கள் பையிலும் மறுபாதி வண்டியிலும் இருக்கட்டும். இந்தப் பிள்ளைகள் பலருக்கு லேடெக்ஸ் எனப்படும் இயற்கை ரப்பர் ஒவ்வாமை உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் விலக்கி வைத்தது பலூனாகவும் ரப்பர் கையுறையாகவும் முகாமில் எதிரே வரும். உடன் வருபவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. தண்டுவடத்தின் மார்புப் பகுதியில் 6-ஆம் கணுவிலோ அதற்கு மேலோ பாதிப்புள்ள பிள்ளைக்குத் திடீரென்று கடும் தலைவலியும், முகச் சிவப்பும், வியர்வையும் வந்தால் அதைக் களைப்பு என்று படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடைகளையும் பட்டைகளையும் தளர்த்தி, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். இரத்த அழுத்தம் எகிறுவதன் அறிகுறி அது. அடங்காவிட்டால் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும்.

கேள்வி: என் பேத்திக்கு 6 வயது. வீட்டில் அவளுக்குத் தக்கபடி எல்லாம் அமைத்திருக்கிறோம். அதை விட்டுவிட்டுக் குளிரிலும் பூச்சியிலும் கொண்டுபோய்ப் படுக்க வைப்பது அவளுக்காகவா, பெற்றோர் தங்கள் ஆசையைத் தீர்த்துக்கொள்ளவா? தாத்தாவாகக் கேட்கிறேன்.

பதில்: ஐயா, உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. நானே அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். ஒரு மலை விளிம்பிலிருந்து சூரியோதயத்தைக் காட்ட வேண்டும் என்று விடியற்காலையில் மகளை எழுப்பி, கற்களின் மேல் அரை மணி நேரம் உலுக்கிக்கொண்டு போனோம். படமெல்லாம் நன்றாக வந்தது, அவள் தூங்கிவிட்டாள். அந்தப் பயணத்தில் எது பிடித்தது என்று பிறகு கேட்டபோது, நாற்காலியில் இருந்தபடியே நீளக் குச்சியால் கூடாரத்துக்குப் பக்கத்தில் ஓடிய தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டதைச் சொன்னாள். ஆகவே பேத்தியிடமே கேளுங்கள். பிடிக்கவில்லை என்று அவள் சொன்னால் அந்தப் பேச்சு அங்கே முடிந்தது. வெளியில் தங்குவது பிடிக்காத பிள்ளைகள் நடக்கிறவர்களிலும் எத்தனையோ பேர் உண்டு.

ஆனால் வசதி வீட்டில் இருப்பதால் வீட்டிலேயே இருக்கட்டும் என்பதை நான் ஏற்கவில்லை. இன்று நாம் மடித்து வண்டியில் வைக்கிறோமே, அந்த நாற்காலியின் பிறப்பே பயணத்துக்காகத்தான். சுரங்க விபத்தில் முதுகு முறிந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்பவருக்குக் காரில் ஏற்றிச் செல்லத் தக்க நாற்காலி கிடைக்கவில்லை. பொறியாளரான அவருடைய நண்பர் ஹாரி ஜென்னிங்ஸ் அவரோடு சேர்ந்து 1930களில் எஃகுக் குழாயில் மடக்கு நாற்காலியைச் செய்தார். 2006-ஆம் ஆண்டு ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவு, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றக் குழந்தைகளுக்குள்ள அதே வாய்ப்பு இந்தக் குழந்தைகளுக்கும் உண்டு என்கிறது. பேத்தி போவதாக முடிவானால் நீங்களும் உடன் போங்கள். பூச்சி வராமல் கூடார வாசலை உடனுக்குடன் மூட ஓர் ஆள் எப்போதும் தேவை.

கேள்வி: எனக்கு 16 வயது. தம்பிக்குச் சக்கர நாற்காலி. எங்கே போனாலும் தள்ளுவது என் பொறுப்பு. ஒரே ஒருமுறையாவது பாறை மேல் தனியாக ஏறிப் போய் உட்கார வேண்டும் என்று நினைக்கிறேன். இப்படி நினைப்பது சுயநலமா?

பதில்: இல்லை, மகளே. இந்தப் பக்கத்தை அப்படியே உன் அம்மா அப்பாவிடம் கொடு, மீதி அவர்களுக்கு.

மூத்த பிள்ளையின் கை நாற்காலியின் கைப்பிடியில்தான் இருக்கும் என்று யாரும் சொல்லி முடிவு செய்வதில்லை. ஒருநாள் பிடித்த கை அங்கேயே தங்கிவிடுகிறது. ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரம் மகளுடையது என்று புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவள் போகும் பாறைக்குத் தம்பியால் வர முடியாது என்பதை மறைக்கவும் வேண்டாம், அதற்காக அவள் குற்றவாளி போலத் திரும்பி வரவும் வேண்டாம். மகனைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள்: நாள் முழுதும் அக்கா முதுகுக்குப் பின்னால் நிற்பது அவனுக்கும் அலுத்திருக்கலாம். அவன் கையில் உண்மையான வேலை ஒன்றைக் கொடுங்கள். எங்கள் வீட்டில் வரைபடமும் எல்லா டார்ச்சுகளும் மகள் பொறுப்பு. இருட்டிய பிறகு யார் எங்கே போவதானாலும் அவளிடம் கேட்டு வாங்கித்தான் போக வேண்டும். அந்த அதிகாரத்தை அவள் எவ்வளவு கறாராகச் செலுத்துகிறாள் என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

கேள்வி: மணலிலும் காட்டுப் பாதையிலும் நாற்காலி நகரவே மாட்டேன் என்கிறது. தனி நாற்காலி வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: நகரவிடாமல் செய்வது முன்னால் இருக்கும் இரண்டு குட்டிச் சக்கரங்கள். எடை அவற்றின் மேல் விழும்போது மணலைத் தோண்டிக்கொண்டு புதைகின்றன. தள்ளுபவர் கைப்பிடியை அழுத்தி முன்சக்கரங்களைத் தூக்கி, பின்சக்கரங்களின் மேலேயே ஓட்டலாம். அல்லது நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுக்கலாம். பின்னால் சாயாமல் தடுக்கும் குட்டிக் கம்பிகள் இருந்தால் அதற்கு முன் அவற்றை மடக்க வேண்டும், பிறகு மறக்காமல் இறக்கிவிட வேண்டும். செங்குத்தான இறக்கத்தில் பிள்ளையின் முகம் மேட்டைப் பார்த்திருக்க, நீங்கள் கீழ்ப்பக்கம் நின்று பின்னோக்கி இறங்குங்கள். கால் மிதியில் பூட்டிக்கொள்ளும் பெரிய ஒற்றைச் சக்கரம் கிடைக்கிறது. முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்துவிடுவதால் புல்லிலும் சரளையிலும் நாற்காலியின் குணமே மாறிவிடும். முதலில் வாங்க வேண்டியது அதுதான் என்பது என் கருத்து.

டயரில் காற்றைக் குறைத்தால் மெத்தென்று போகும் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பெரும்பாலான நாற்காலிகளின் பிரேக், டயரை அழுத்திப் பிடிக்கும் கட்டைதான். காற்று குறைந்தால் பிடிப்பும் போய்விடும். குறைத்தால், சரிவில் நிறுத்தும்போது சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

மணலுக்கென்று பலூன் போன்ற அகலச் சக்கரங்கள் கொண்ட நாற்காலிகள் உண்டு. மலைப் பாதைக்கு ஜோலெட் என்ற ஒற்றைச் சக்கர வண்டி இருக்கிறது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்துச் செல்ல வேண்டும். ஜோயல் கிளோடெல் என்ற பிரெஞ்சு மலை வழிகாட்டி, தசைநோய் கொண்ட தன் உறவுச் சிறுவனுக்காக 1987-இல் உருவாக்கியது அது. இவற்றை வாங்குவதைவிட வாடகைக்கோ இரவலுக்கோ கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். ஒரு குறை உண்டு: இவை பெரும்பாலானவற்றில் பிள்ளை தானாக ஓர் அடிகூட நகர முடியாது. அப்படியொரு வண்டியிலிருந்து இறங்கிய என் மகள், "இன்னிக்கு நான் மூட்டையா வந்தேன்" என்றாள். அதனால் சேரும் இடத்துக்கு அவளுடைய சொந்த நாற்காலியையும் யாராவது கொண்டுவந்து சேர்க்க ஏற்பாடு செய்கிறோம்.

கேள்வி: மகனுடையது மின் நாற்காலி. அதைக் கொண்டு போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் தயாரிப்பாளர் சொல்லும் தூரம் சமதரைக்கானது. புல்லும் ஏற்றமும் குளிரும் அதைப் பெரிதும் தின்றுவிடும். சார்ஜ் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததும் திரும்பிவிடுங்கள். பல மின் நாற்காலிகள் ஆளில்லாமலே 100 கிலோவைத் தாண்டுபவை என்பதால், நின்றுபோனால் தூக்கிக்கொண்டு வரும் பேச்சுக்கே இடமில்லை. மின் இணைப்புள்ள இடமாகத் தேர்ந்தெடுங்கள். மழை பெய்தால் இயக்கும் பிடியின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டினால் போதும். வண்டிக்குள் அதிலேயே அமர்ந்து வருகிறான் என்றால், வாகன இருக்கையாகப் பயன்படும் நாற்காலிகளுக்கான ஐஎஸ்ஓ 7176-19 என்ற சர்வதேசத் தரத்துக்கு அது சோதிக்கப்பட்டதா என்று பாருங்கள். நான்கு முனைகளில் பட்டை போட்டு முன்னோக்கிப் பூட்டி, அவனுக்குத் தனியாக சீட் பெல்ட்டும் போட வேண்டும்.

கேள்வி: வழியில் பார்ப்பவர்கள் ஓடிவந்து, கேட்காமலே நாற்காலியைத் தூக்குகிறார்கள். மறுக்கவும் மனம் வரவில்லை, பயமாகவும் இருக்கிறது.

பதில்: பயப்படுவது சரிதான். உதவ வருபவர் முதலில் பிடிப்பது கையணையையும் கால் மிதியையும்தான். பல நாற்காலிகளில் இரண்டுமே கழன்று வருபவை. எங்களுக்கு ஒருமுறை கையணை மட்டும் அந்த நல்ல மனிதரின் கையோடு போய்விட்டது. நாற்காலி ஒரு பக்கம் சரிந்தது. அன்று இரவே நாற்காலியின் சட்டத்தில் பிடித்துத் தூக்கத் தக்க நான்கு இடங்களில் மகள் சிவப்பு டேப்பைச் சுற்றினாள். இப்போது யாராவது குனிந்தால், "சிவப்பில் மட்டும் பிடியுங்கள், நான் மூன்று எண்ணியதும் தூக்குங்கள்" என்று அவளே சொல்கிறாள். வேண்டாம் என்றால் அதையும் அவளே சொல்கிறாள்.